அத்தாவின் வால்வுப் பெட்டி

பரணில் கிடக்கும் பொருளைப் பற்றி நாம் பெரும்பாலும் இரண்டு விதமாகத்தான் எண்ணுகிறோம். பழைய இரும்புக்காரனுக்குப் போட வேண்டிய குப்பை என்பது ஒன்று. தொடக்கூடாத நினைவுச் சின்னம் என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் நடுவே மூன்றாவதாக ஒரு நிலையும் உண்டு என்பதைச் சென்ற ஆண்டு ஓர் ஒலிபெருக்கிப் பெட்டி எனக்குக் கற்பித்தது. அந்தப் பாடத்துக்கு நான் செலுத்திய கட்டணம் சற்று அதிகம். வாசகர்களில் எவரேனும் அதே கட்டணத்தைச் செலுத்தாமல் தப்பினால் போதும் என்றே இதை எழுதுகிறேன்.

என் தந்தையாரை நாங்கள் 'அத்தா' என்றழைப்போம். பகலில் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு பட்டறையில் லேத் இயந்திரம் ஓட்டினார். மாலையிலும் விடுமுறை நாள்களிலும் பூந்தமல்லியை அடுத்த கரையான்சாவடியில் மைக் செட் வாடகைக்கு விட்டார். நிக்காஹ் வைபவமானாலும், மீலாது விழாவானாலும், அரசியல் கூட்டமானாலும், ஆடி மாதத்துக் கூழ் வார்த்தலானாலும் அவருடைய அதே இரும்புப் பெட்டிதான் போய் நிற்கும். டிரான்ஸ்பார்மர்களை ரிச்சி தெருவில் வாங்கி, பெட்டியைத் தாமே மடித்து, துளையிட்டு, வால்வு பொருத்தி உருவாக்கிய ஆம்ப்ளிஃபையர் அது.

எனக்கு அப்போது ஏழெட்டு வயதிருக்கும். சுவிட்சைப் போட்டவுடன் அது பேசாது. "சூடேறட்டும், பொறு" என்பார் அத்தா. கண்ணாடிக் குழாய்களின் உள்ளே செம்மஞ்சள் நிறத்தில் ஒளி மெல்லப் பரவும். சூடேறிய தூசியின் வாசனை எழும். அதன் பிறகே கூம்பு ஒலிபெருக்கியில் 'உம்' என்று ஓர் உயிர்ச் சத்தம் பிறக்கும். சிறுவர் எவரும் பெட்டியைத் தொட்டுவிடாதபடி காவல் நிற்பதே என் வேலை.

பின்னர் டிரான்சிஸ்டர் பெட்டிகள் வந்தன. அவை எடை குறைந்தவை. பன்னிரண்டு வோல்ட் பேட்டரியிலும் ஓடுபவை. வால்வுப் பெட்டி சாக்கில் சுற்றப்பட்டுப் பரணேறியது.

அத்தா இறையடி சேர்ந்தபோது விட்டுச்சென்றவற்றை முறைப்படி கணக்கிட்டோம். வீடு, கடை, வங்கியிலிருந்த சிறு தொகை ஆகியவை அம்மாவுக்கும், எனக்கும், ரியாத்திலுள்ள தம்பிக்கும், ஆவடியில் வாழ்க்கைப்பட்ட தங்கைக்கும் உரிய பங்குகளாகப் பிரிந்தன. மதரஸாவில் பாகப்பிரிவினைப் பாடம் நடத்துகிறவனாகையால் கணக்கை நானே எழுதினேன். பரணில் கிடந்ததை மட்டும் எவரும் கணக்கில் எடுக்கவில்லை. அது 'பழைய சாமான்' அல்லவா!

அம்மாவின் ஆசை

சென்ற ஆண்டு ஒரு மாலைப் பொழுதில் அம்மா கேட்டார்கள்: "தம்பி, நாகூர் ஹனிபா பாட்டு ரெக்கார்டெல்லாம் அத்தா வச்சிருந்தாங்களே, அந்தப் பெட்டியில ஒரு தடவை போட்டுக் காட்டுறியா?"

கைப்பேசியில் ஒரு நொடியில் கேட்டுவிடலாம். ஆனால் அம்மா கேட்டது பாட்டை மட்டுமன்று என்பது எனக்குப் புரிந்தது. பெட்டியை இறக்கினேன். கூடவே பிஸ்கட் டின் ஒன்றும் கிடைத்தது. திறந்தால், பருத்திப் பஞ்சில் பொதிந்த வால்வுகள்! மூர் மார்க்கெட் 1985-இல் தீக்கிரையாகுமுன் அத்தா அங்கும் ரிச்சி தெருவிலும் தேடித் தேடி வாங்கி வைத்த உபரிகள் அவை. இங்கிலாந்தின் முல்லார்டு நிறுவனத்து இ.எல்.34 வால்வுகள் இரண்டு ஜோடி. அவற்றில் ஒரு ஜோடி அட்டைப்பெட்டியே திறக்கப்படாதது. பெங்களூரில் நம் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் செய்த சிறிய இ.சி.சி.83 வால்வுகள் ஆறு.

ஆம்ப்ளிஃபையரில் இருந்த பெரிய வால்வுகளில் ஒன்றின் உச்சியிலுள்ள வெள்ளிப் பூச்சு பால்போல் வெளுத்திருந்தது. அத்தா சொல்லித் தந்த பாடங்களில் எனக்கு நினைவிருந்தது அதுதான். உள்ளே மிஞ்சும் வாயுவை உறிஞ்சுவதற்காகப் பூசப்படும் பேரியம் அது. அது வெளுத்துவிட்டால் கண்ணாடிக்குள் காற்று புகுந்துவிட்டதென்று பொருள். அந்த வால்வு முடிந்தது.

நான் கலைப் பட்டதாரி, மின்னியல் படித்தவனல்லன். ஆயினும், அத்தாவின் பெட்டியில் அத்தாவின் வால்வு. இதைவிடப் பொருத்தமானது வேறென்ன? திறக்கப்படாத அந்த ஜோடியையே எடுத்துச் செருகினேன். சுவிட்சைப் போட்டேன். இசைத்தட்டு சுழன்றது. முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் அந்தக் கம்பீரக் குரல் எங்கள் கூடத்தை நிறைத்தபோது அம்மா முந்தானையால் கண்களைத் துடைத்துக்கொண்டார்கள்.

நான்கு நிமிடம்கூட ஆகியிராது. இரு வால்வுகளில் ஒன்றின் உள்ளேயிருந்த உலோகத் தகடு இரத்தச் சிவப்பாகப் பழுக்கத் தொடங்கியது. ஓர் எரிச்சல் நாற்றம், 'பட்' என்று ஒரு சத்தம், பியூஸ் போயிற்று. குரல் நின்றது.

குற்றம் வால்வுடையதன்று

அம்பத்தூரில் பழைய வானொலிகளைப் பழுது பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் பெட்டியைத் தூக்கிச் சென்றேன். நான் செருகிய வால்வைக் கையிலெடுத்துப் பார்த்தவர், சற்று நேரம் பேசவேயில்லை.

"பாய், இது என்ன விலை போகும் தெரியுமா? திறக்காத முல்லார்டு ஜோடி. புது வால்வு ஜோடி வாங்குற காசைப்போலப் பல மடங்கு கொடுத்து வாங்க ஆள் இருக்கு. இப்ப ஒண்ணு போச்சு. ஜோடி உடைஞ்சா மிஞ்சினதுக்குப் பாதி விலைகூட வராது."

பிறகு பெட்டியைக் கவிழ்த்து உட்புறத்தைக் காட்டினார். அவர் விளக்கியதை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன்.

வால்வு என்பது காற்று நீக்கிய கண்ணாடிக் குழாய். அதன் நடுவே கேத்தோடு என்ற நிக்கல் குழல். அதன்மேல் பேரியம், ஸ்ட்ரான்ஷியம் ஆகியவற்றின் ஆக்சைடு பூசப்பட்டிருக்கும். சூடேறியதும் அதிலிருந்து எலக்ட்ரான்கள் வெளிப்பட்டு, நேர்மின்னழுத்தமுள்ள வெளித் தகட்டை நோக்கிப் பாயும். இடையில் கிரிட் எனும் கம்பிச் சுருள். அதில் ஏற்படும் சிறு மின்னழுத்த மாற்றம், பாயும் பெரு மின்னோட்டத்தைக் கூட்டியும் குறைத்தும் ஆட்டிவைக்கும். மதகின் சிறு திருகு பெரும் ஏரி நீரை அடக்குவதைப்போல. ஆங்கிலேய விஞ்ஞானி பிளெமிங் 1904-இல் இரு முனை வால்வைச் செய்தார். அமெரிக்கரான லீ டி ஃபாரஸ்ட் 1906-இல் மூன்றாவது முனையாக கிரிட்டைச் சேர்த்தார். ஒலியைப் பெருக்கும் கலை அங்கே தொடங்கியது.

அந்த கிரிட்டுக்கு முன்பாக ஒரு கெபாசிட்டர் உண்டு. முந்தைய கட்டத்தின் உயர் மின்னழுத்தத்தைத் தடுத்து, ஒலியை மட்டும் கடத்துவது அதன் பணி. அத்தா பொருத்தியது காகிதக் கெபாசிட்டர். இத்தனை ஆண்டுகளில் அது ஈரம் வாங்கிக் கசியத் தொடங்கியிருந்தது. கசிந்த மின்னழுத்தம் கிரிட்டுக்குப் போய், மதகை முழுதும் திறந்துவிட்டது. மின்னோட்டம் கரைபுரண்டு தகடு பழுத்தது. எந்த நாட்டு வால்வைச் செருகியிருந்தாலும் இதுவே நடந்திருக்கும்.

"பழசா புதுசான்னு அப்புறம் யோசிக்கலாம் பாய். வீட்டைச் சரி பண்ணாம விருந்தாளியைக் கூப்பிடலாமா?" என்றார் பெரியவர்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

கெபாசிட்டர்கள் மாற்றப்பட்டன. டிரான்ஸ்பார்மரில் 220, 230, 240 என மூன்று முனைகள் இருந்தன. அத்தா 220-இல் இணைத்திருந்தார். இப்போது நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட்; பின்னிரவில் அதற்கு மேலும் ஏறுகிறது. கீழ் முனையில் இணைத்திருந்தால் 6.3 வோல்ட் வேண்டிய வால்வு இழைகளுக்கு அதிகமாகப் போய், அவற்றின் ஆயுள் தேயும். பெரியவர் 240 முனைக்கு மாற்றினார். அதன் பின்னரே, எந்த வால்வைப் பொருத்துவது என்ற கேள்விக்கு வந்தோம்.

பழைய வால்வின் பெருமை பொய்யன்று. உலகம் முழுவதும் வானொலியும் தொலைபேசியும் ராணுவமும் வால்வை நம்பியிருந்த காலத்தில் அவை செய்யப்பட்டன. தேர்ந்த தொழிலாளர்கள், நல்ல மூலப்பொருள்கள், கண்டிப்பான சோதனை ஆகிய மூன்றும் ஒருங்கே இருந்தன. இங்கிலாந்தின் பிளாக்பர்ன் நகரில் முல்லார்டுக்கு மாபெரும் ஆலை இருந்தது. நம் நாட்டில் 1954-இல் தொடங்கப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ், 1961 முதல் வானொலி வால்வுகளைச் செய்யலாயிற்று. அந்த ஆலைகளில் அவ்வகை வால்வு உற்பத்தி நின்று பல்லாண்டுகள் ஆகிவிட்டன. இனி வருவதற்கில்லை என்பதாலேயே இருப்பதற்கு விலை ஏறுகிறது.

விலை ஏறும் இடத்தில் வஞ்சகமும் நுழையும். கண்ணாடிமேல் அச்சிட்ட பெயரை விரலால் தேய்த்தே அழித்துவிடலாம்; வேறு பெயரை அச்சிடவும் செய்யலாம். பல மணி நேரம் உழைத்துத் தேய்ந்த வால்வைப் பழைய அட்டைப்பெட்டியில் வைத்துப் 'புத்தம் புதிய பழைய இருப்பு' என்று விற்பாரும் உண்டு. தவிர, அந்தக் காலத்திலேயே ஓர் ஆலையில் செய்த வால்வை இன்னொரு கம்பெனியின் பெயரில் விற்பது வழக்கமாகவும் இருந்தது. ஆகவே பெயரைக் கண்டு வாங்குதல் பேதைமை. கண்ணாடியில் பொறித்த ஆலைக் குறியீடு, உள்ளமைப்பு, சோதனைக் கருவி காட்டும் அளவு ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும்.

புதிய வால்வு என்பதும் ஒன்றிருக்கிறதா என்று வாசகர்கள் வியக்கலாம். இருக்கிறது. மின்சார கிட்டார் வாசிப்போர் வால்வு ஆம்ப்ளிஃபையரை விட்டுக்கொடுக்கவில்லை; முக்கியமாக அவர்களால்தான் இத்தொழில் பிழைத்திருக்கிறது. ஸ்லோவாக்கியாவின் ஜே.ஜே. நிறுவனமும், ரஷ்யாவில் வோல்கா நதிக்கரையிலுள்ள சரத்தோவ் நகரத்து ஆலையும், சீனாவின் ஆலைகளும் வால்வுகளைச் செய்கின்றன. வேடிக்கை என்னவெனில், 'முல்லார்டு' என்ற பெயரையே ஓர் அமெரிக்க நிறுவனம் வாங்கி, சரத்தோவில் செய்த புதிய வால்வுகளின்மேல் பொறித்து விற்றது. பெயர் பழையது, பிறப்பு புதியது!

புதியனவற்றிலும் குறை உண்டு. ஒன்றுக்கொன்று அளவு வேறுபடும். சில முதல் மாதத்திலேயே சத்தமிடத் தொடங்கும். ஆனால் ஜோடி சேர்த்து அளந்து தருகிறார்கள். பழுதானால் மாற்றித் தர ஓர் இடமிருக்கிறது. மறு ஆண்டும் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருக்கிறது. அந்த நம்பிக்கையும் நிரந்தரமன்று. 2022 மார்ச்சில் ரஷ்யாவின் ஏற்றுமதித் தடையில் வால்வும் சேர்ந்தபோது உலகெங்கும் வாங்குவோர் கலங்கிப் போனார்கள்.

பெரியவர் மேலும் ஒரு வேறுபாட்டைச் சொன்னார். ஆம்ப்ளிஃபையரின் வாசலில் நிற்கும் சிறிய வால்வும், கடைசியில் ஒலிபெருக்கியை உந்தும் பெரிய வால்வும் ஒன்றல்ல. சிறியதின் வேலை நுட்பமானது. அதன் இரைச்சலும் அதிர்வும் பின்வரும் கட்டங்களிலெல்லாம் பெருகும். பென்சிலால் மெல்லத் தட்டினால் ஒலிபெருக்கியில் மணிபோல் கேட்கிறதெனில் அது வாசலுக்கு உதவாது. ஆனால் சூடு குறைவாதலால் அதற்கு ஆயுள் நீளம். பெரியதோ நானூறு வோல்ட் தாங்கி உழைத்துத் தேய்வது. சில ஆயிரம் மணி நேரத்தில் மாற்ற வேண்டியதுதான். "செருப்பு மாதிரி பாய். நடந்தா தேயும். தேயுற இடத்துல தங்கத்தைப் போடலாமா?" என்றார்.

துணி மூடிய சோதனை

அறிவு ஏற்றாலும் மனம் ஏற்கவில்லை. அத்தா பொத்தி வைத்த வால்வில்தான் அத்தாவின் குரல்போல் ஏதோ ஒன்று இருக்கிறதென்று எனக்குப் பட்டது. எனவே பெரியவர் ஒரு சோதனை வைத்தார். டின்னிலிருந்த பழகிய முல்லார்டு ஜோடியையும், ஐயாயிரம் ரூபாய்க்குச் சற்று மேல் விலையுள்ள புதிய ஸ்லோவாக்கிய ஜோடியையும் மாற்றி மாற்றிப் பொருத்தினார். பெட்டியைத் துணியால் மறைத்தார். ஒலி அளவைக் கருவி வைத்துச் சமமாக்கினார். ஐந்து முறை கேட்டேன். மூன்று முறை சரியாகச் சொன்னேன். இரண்டு முறை தவறினேன். நாணயத்தைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் ஏறக்குறைய அதுதான் வந்திருக்கும்.

வேறுபாடே இல்லையென்று நான் வாதிடவில்லை. பழகிய செவிகளுக்கு, நுட்பமான கருவிகளில், கேட்கலாம். என் செவிக்கு, அத்தாவின் மைக் செட்டில், கேட்கவில்லை. நான் கேட்டதாக எண்ணியதெல்லாம் கண் சொன்ன செய்தி.

நாற்பதில் ஏழு

அன்றிரவு உறக்கம் வரவில்லை. விலை தெரிந்த பின்தான் உறைத்தது: அந்த டின் என்னுடையதன்று. அத்தா விட்டுச்சென்றது, கணக்கில் வராமல் போனது. பங்காளிகளைக் கேளாமல் அதிலிருந்து எடுத்து, நான்கு நிமிடத்தில் எரித்தவன் நான். ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் பாகக் கணக்குப் போதிப்பவனும் நானே.

தம்பிக்குத் தொலைபேசியில் சொன்னேன். "அண்ணே, பழைய சாமானுக்கா இவ்வளவு பேச்சு? நீங்களே வச்சுக்குங்க" என்றான். அவன் பங்கை அவன் விட்டுத்தரலாம். தங்கையின் பங்கை விட்டுத்தர அவனுக்கும் உரிமையில்லை, எனக்கும் இல்லை. ஆவடிக்குப் போய் அவளிடம் நடந்ததைச் சொன்னேன். சற்று நேரம் தரையைப் பார்த்திருந்தாள். "அத்தா மைக் செட்டு சாமான்ல எனக்கும் பங்கு உண்டுன்னு இதுவரைக்கும் யாரும் சொன்னதில்லண்ணே" என்றாள். அந்த ஒரு வாக்கியம் எரிந்த வால்வைவிட அதிகமாகச் சுட்டது.

எல்லோரும் இசைந்த பின், பெரியவரின் சோதனைக் கருவியில் ஒவ்வொன்றையும் அளந்து எழுதினோம். பழகிய இ.எல்.34 ஜோடி ஓரளவு தேய்ந்திருந்தது. சிறிய ஆறில் நான்கு நல்லவை, ஒன்று வலுவிழந்தது, ஒன்று தட்டினால் மணியடிப்பது. அண்ணாநகரிலிருந்து வந்த ஆர்வலர் ஒருவர், "எல்லாம் பயன்படுத்தாததுதானே?" என்று கேட்டார். ஆமென்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். குறிப்புச் சீட்டை அவரிடமே கொடுத்தேன். குறையுள்ளவற்றுக்குக் குறைத்தே விலை வைத்தோம். அவர் முகம் சுளிக்கவில்லை. "இப்படி எழுதிக் கொடுத்து யாரும் வித்ததில்லை" என்று கூறி எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார்.

கிடைத்த தொகையோடு, நான் எரித்ததால் அந்த ஜோடிக்கு நேர்ந்த இழப்பையும் என் சம்பளத்திலிருந்து சேர்த்தேன். மொத்தத்தை நாற்பது பாகமாக்கினால் அம்மாவுக்கு ஐந்து, எங்கள் இருவருக்கும் பதினான்கு பதினான்கு, தங்கைக்கு ஏழு. தம்பி தன் பதினான்கையும் தங்கை மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கே கொடுத்துவிட்டான். இசைத்தட்டுகளையும் ஆம்ப்ளிஃபையர் பெட்டியையும் அம்மாவிடமே இருக்கட்டுமென்று எல்லோரும் மனமொப்பி விட்டுக்கொடுத்தோம்.

ஆம்ப்ளிஃபையரில் இப்போது இரண்டு காலமும் சேர்ந்தே இருக்கின்றன. வாசலில், முன்பிருந்தே பொருந்தியிருந்த பெங்களூர்ச் சிறு வால்வு. அளந்து பார்த்ததில் இன்னும் நலமாக இருப்பதால் மாற்றவில்லை. கடைசியில், புதிய ஸ்லோவாக்கிய ஜோடி. தேய்ந்தால் மீண்டும் வாங்கிக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டுப் பரணிலும் வால்வு வானொலியோ ஆம்ப்ளிஃபையரோ இருக்கக்கூடும். அவசரப்பட்டு மின்சாரம் கொடுக்காதீர்கள். சுவிட்சை அணைத்த பின்னரும் உள்ளேயுள்ள கெபாசிட்டரில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் தங்கியிருக்கும், அறிந்தவரிடம் கொடுங்கள். முதலில் கெபாசிட்டர், பிறகு மின்னழுத்த முனை, அதன் பிறகே வால்வு. நன்றாயிருக்கும் பழையதைப் பழையது என்பதற்காகக் கழற்ற வேண்டாம். தேய்ந்ததைப் பழையது என்பதற்காகப் போற்றவும் வேண்டாம். விலை மதிப்பு தெரிந்த கணமே அதில் யாருக்கெல்லாம் பங்குண்டு என்று எண்ணிப் பாருங்கள்.

வேலை முடிந்த வெள்ளிக்கிழமை மாலையில் தங்கையும் வந்திருந்தாள். மீண்டும் அதே இசைத்தட்டைப் போட்டேன். அம்மா கண்மூடிக் கேட்டார்கள். இசைத்தட்டு ஒரு பக்கம் முடிந்தது. எந்த வால்வு என்று அவர்கள் கேட்கவுமில்லை, நான் சொல்லவுமில்லை.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா அத்தா இவ்வளவு மெதுவா வைக்கமாட்டாங்க. கொஞ்சம் கூட்டி வை" என்றார்கள்.

கூட்டி வைத்தேன். பிறகு தங்கையை ஏணி பிடிக்கச் சொல்லிவிட்டு, பரணில் இன்னும் திறக்காமலிருந்த மூட்டைகளை ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கினேன்.